என்ஜினுக்குள் என் முழங்கை

"தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இருபத்தாறு வயது வரை வாய் வந்ததே இல்லை. "உனக்கு இது தெரியுமா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், தலை தன்பாட்டுக்கு மேலும் கீழும் ஆடிவிடும். அப்படித் தலையாட்டித்தான் ஒருமுறை நான் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஜப்பானிய மொழிக் கையேடு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, மூன்று நாள் மேசையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். (படங்கள் நன்றாக இருந்தன.)

அந்தத் தலையாட்டலை நிறுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம் ஜெலுத்தோங். என் வருங்கால மாமியார் வீட்டின் முன்பக்கம், கார் நிற்க வேண்டிய போர்ச். அங்கே கார் நிற்கவில்லை என்பதுதான் கதையே.

ரமணனும் நானும் ஒரே தொழிற்சாலை. இரண்டு வருடக் காதல். "அம்மா உன்னைப் பார்க்கணுமாம்" என்று ஒருநாள் கேன்டீனில் சொன்னான். வாயருகே கொண்டுபோன நாசி லெமாக் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நான் நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர், அண்ணன் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர். அவர்களோ யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே மேசை, பேனா, கண்ணாடி. அம்மா பரமேஸ்வரி, அரசாங்கப் பல் கிளினிக்கில் முப்பது வருடம் பல் செட் செய்து ஓய்வு பெற்றவர்.

"ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்க" என்றான் ரமணன். "அம்மா முன்னாடி ரொம்பப் பல்லைக் காட்டிச் சிரிக்காத. எண்ணிடுவாங்க."

"ரெண்டாவது?"

"வீட்டுல ஒரு ஏரோப்ளேன் இருக்கு."

"படமா?"

"இல்லலா. ஏரோப்ளேன்."

உண்மையாகவே இருந்தது. கார் தெருவில் வெயிலில் காய, போர்ச்சுக்குள் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்று, இறக்கை இல்லாமல், மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. இறக்கைகள் ஹாலில், சோபாவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தன. ஐம்பது வயதில் விமானம் ஓட்டப் படித்து லைசென்ஸ் எடுத்த அம்மையார், அடுத்த ஆறு வருடமாக இதை வீட்டிலேயே கட்டிக்கொண்டிருந்தார். பனியன் துணியில் கையைத் துடைத்தபடி வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டே சிரித்தேன்.

"ஏன் ஆன்ட்டி ஏரோப்ளேன்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"கார் ஏற்கெனவே இருக்குத்தானே, பிள்ளை."

எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போயிற்று. ரமணனைப் பிடிக்க ஆறு மாதம் ஆனது.

அன்றைக்குத் தேநீர் குடித்தபடி என்ஜினைக் காட்டி எல்லாம் விளக்கினார். விமானத்தின் மூக்கில் காற்று நுழைய ஒரு துளை. அந்தக் காற்று என்ஜினின் கார்புரேட்டருக்குப் போய்ச் சேர ஒரு குழாய் வேண்டும். ஆனால் நடுவே என்ஜினைத் தாங்கும் இரும்புக் கம்பிகள் குறுக்கே போகின்றன. துளையிலிருந்து நேராக உள்ளே வந்து, கம்பிக்கு அடியில் சட்டென்று மடங்கி, அந்தப் பக்கம் மெலிந்து முடிய வேண்டும். கடையில் விற்கும் எந்தக் குழாயும் அப்படி வளையாது. ஆகவே ஃபைபரில் நாமே செய்ய வேண்டும். அதற்காக மூன்று ஞாயிறு உட்கார்ந்து, அந்தக் குழாயின் உருவத்தை வெள்ளை ஃபோமில் செதுக்கி வைத்திருந்தார். டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளை ஃபோம். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைச் சுற்றிப் பிசின் பூசி, இறுகியதும் உள்ளே இருக்கும் ஃபோமை எடுத்துவிட்டால் குழாய் தயார்.

"ஃபைபர் வேலை மட்டும் எனக்குப் புதுசு" என்றார். "உனக்குத் தெரியுமோ, பிள்ளை?"

தலை ஆடிவிட்டது.

"அண்ணன் பட்டறையில மோட்டாருக்கு ஃபைபர் கவர் அடிக்கிறதே நான்தான் ஆன்ட்டி" என்று வாயும் கூடச் சேர்ந்துகொண்டது. உண்மை என்னவென்றால், அண்ணன் அடிப்பார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போன் பார்ப்பேன். இரண்டு முறை பிசின் டப்பாவைப் பிடித்துக்கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் விமானம் கட்ட ஒப்புக்கொண்டேன்.

ஆன்ட்டியின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அடுத்த ஞாயிறு வா. அதுக்கடுத்த வாரம் பரிசோதனைக்கு ஆபீசர் வாறார். இந்தக் குழாய் இல்லாமல் என்ஜினை ஓட்டிக் காட்ட ஏலாது. நீ கடவுள் அனுப்பின ஆள்."

வாரம் முழுவதும் எனக்கு நிலை கொள்ளவில்லை. நான் செய்த பொருள் ஆகாயத்தில் பறக்கப் போகிறது! சனிக்கிழமை அண்ணன் பட்டறைக்கு ஓடினேன்.

"பிசினும் ஹார்டனரும் குடுண்ணே."

"எதுக்கு?"

"ஏரோப்ளேனுக்கு."

அண்ணன் ஐந்து நிமிடம் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பிசின் டின்னையும், அதை இறுக வைக்கும் ஹார்டனர் பாட்டிலையும் எடுத்துத் தந்தார். எதன்மேல் பூசப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "ஃபோம்" என்ற ஒரே ஒரு சொல் அங்கே என் வாயிலிருந்து வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் தீவுக்குப் போகும் கடல் பாலத்தைக் கடந்து போய் நின்றேன். ஆன்ட்டி மீன் வாங்கப் பசாருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"உனக்கு நண்டுக் குழம்பு வைக்கப் போறன். நான் வந்தாப்பிறகு சேர்ந்து தொடங்குவம். அலுமாரியில பிசின் இருக்கு, அதைத்தான் பாவிக்கவேணும். ஆனால் அது இறுக ஒரு நாள் எடுக்கும்."

ஒரு நாளா? அண்ணன் பட்டறைப் பிசின் அரை மணியில் கல்லாகிவிடும்! ஆன்ட்டியின் கார் தெருமுனை திரும்பியதும் ரமணன் பக்கம் திரும்பினேன்.

"வர்றதுக்குள்ள முடிச்சு வெச்சுச் சர்ப்ரைஸ் குடுக்கலாமா?"

"வேணாம் கஸ்தூரி. அம்மா வரட்டும்."

"உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கணுமா வேணாமா?"

ரமணன் கையுறை போட்டுக்கொண்டான்.

ஃபோம் உருவத்தை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தேன். என்ன அழகு! ஒரு கீறல் இல்லை, மேடு பள்ளம் இல்லை. பல் செட் செய்த கை அல்லவா. பிசினில் ஹார்டனர் ஊற்றிக் கலக்கினேன். பிரஷ்ஷை முக்கி, பெரிய நிபுணர் மாதிரி ஒரே இழுப்பாக இழுத்தேன்.

புஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

பிரஷ் போன வழியெல்லாம் ஃபோம் உள்வாங்கியது. நான் பதறிப்போய், இன்னும் கொஞ்சம் பூசினால் சரியாகிவிடும் என்று நினைத்து (ஏன் அப்படி நினைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை) மறுபக்கமும் பூசினேன். அதுவும் உள்வாங்கியது. மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை என் கண் முன்னால் சுருங்கி, மடங்கி, மோர்மிளகாய் அளவுக்கு வந்து, மேசையில் ஒட்டிக்கொண்டது. அண்ணன் பயன்படுத்தும் பிசின் அந்த வெள்ளை ஃபோமைத் தின்றுவிடும் என்பதும், அலுமாரிப் பிசின் தின்னாது என்பதும், அதனால்தான் ஆன்ட்டி அதைச் சொன்னார் என்பதும் அப்புறம் தெரிந்துகொண்ட பாடங்கள்.

ரமணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "கஸ்தூரி, அம்மா இதுக்குப் பேர் வெச்சிருந்தாங்க."

"என்ன பேரு?"

"வேணாம், விடு."

அழுகை முட்டியது. அடுத்த வாரம் ஆபீசர் வருகிறார். இப்போது நண்டு வந்துகொண்டிருக்கிறது. விமானத்தின் திறந்த மூக்கருகே போய் நின்று, குழாய் இருக்க வேண்டிய அந்த இடத்தை வெறித்துப் பார்த்தேன். இன்னொன்று செதுக்க எனக்கு மூன்று வருடம் ஆகும். அளவாவது எடுப்போம் என்று இடது கையைத் துளைக்குள் விட்டேன். கை உள்ளே போயிற்று. கம்பிக்கு அடியில் முழங்கையை மடக்கினேன். மடங்கியது. விரல் நுனி எதையோ தொட்டது. எட்டிப் பார்த்தால் கார்புரேட்டரின் வாய்!

"ரமணன்!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. "என் கைதான் அந்தக் குழாய்!"

மேல்கை பருமன், நடுவில் மடக்கு, மணிக்கட்டு மெலிவு. ஆறு வருடமாக அந்த விமானம் என் கைக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. அந்த நிமிடம் எனக்குள் பொங்கிய ஆனந்தத்தில் யோசனை என்ற ஒன்று மூழ்கிப்போனது. கைமேல் ஃபைபர் சுற்றினால் குழாயின் உருவம் வந்துவிடும். அதற்கப்புறம் கையை எடுத்துவிடலாம். எப்படி எடுப்பது என்பது மட்டும் ஒரு சின்ன விஷயமாகத் தோன்றியது.

ரமணன் நல்லவன். காதலிப்பவன். தடுத்திருக்க வேண்டியவன். ஆனால் அவனுக்கும் அந்த வெறி தொற்றிக்கொண்டது. சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து, தேங்காய் எண்ணெய் தடவிய என் கையைத் தோள் முதல் மணிக்கட்டு வரை சுற்றினான். அதன்மேல் பார்சல் ஒட்டும் டேப். அதன்மேல் கண்ணாடி இழைத் துணி. நான் வலது கையால் பிசின் பூச, அவன் துணியைச் சுற்ற, "டைட்டா, டைட்டா!" என்று நான் கத்த, கல்யாணத்துக்கு முன் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது. நேரம் இல்லை என்று ஹார்டனரை இரண்டு மடங்கு ஊற்றியதும் நான்தான்.

பத்து நிமிடத்தில் இறுகியது. தட்டினேன். டொக் டொக். "பார்த்தியா!" என்றேன்.

கையை இழுத்தேன்.

மடங்கிய கை மடங்கிய குழாய்க்குள் இருந்தால் எந்தப் பக்கமும் வராது. இதை ஒரு குழந்தை சொல்லும். இழுக்க இழுக்க உடம்புதான் சுற்றியது. அப்போதுதான் உள்ளே கதகதப்பாக ஆரம்பித்தது. ஹார்டனர் அதிகமானால் பிசின் இறுகும்போது கொதிக்கும் என்று அண்ணன் எப்போதோ சொன்னது அந்நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. கதகதப்பு சூடாயிற்று, சூடு கொதிப்பாயிற்று.

"சுடுது! ரமணன், சுடுது!"

அவன் தோட்டக் குழாயைத் திறந்து என்மேல் பீய்ச்சினான். குளிர்பெட்டியிலிருந்து ஐஸைக் கொண்டுவந்து கொட்டினான். புதுச் சுடிதார், முகப்பூச்சு, மை எல்லாம் போர்ச்சில் ஓடியது. சூடு மெல்ல அடங்கியது. என் கை மட்டும் கெட்டிலின் கைப்பிடி மாதிரி மடங்கி நின்றது. முனையில் ஐந்து விரல் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தன.

"ஹாஸ்பிட்டல் போலாம்" என்றான்.

"போய் என்னன்னு சொல்லுவ?"

அவன் போனை எடுத்தான். பிறகு, மோதிரம் சிக்கினால், தலை கம்பியில் மாட்டினால், வீட்டுக்குள் பாம்பு வந்தால் இந்த நாட்டில் எல்லோரும் செய்வதைச் செய்தான். பொம்பாவைக் கூப்பிட்டான்.

தீயணைப்பு வண்டி சைரனோடு அந்தச் சின்னச் சந்துக்குள் நுழைந்தது. சந்தே வாசலுக்கு வந்தது. ஆறு பேர் ஹெல்மெட்டோடு குதித்து இறங்கினார்கள். விமானத்தைப் பார்த்தார்கள். நனைந்து நிற்கும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் மலாயில் நிதானமாகக் கேட்டார்: "அக்கா, விழுந்தது ஏரோப்ளேனா, நீங்களா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, பொம்பா வண்டிக்குப் பின்னால் நுழைய முடியாமல் ஒரு கார் ஹாரன் அடித்தது. ஆன்ட்டி கையில் நண்டுப் பையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

அந்த முப்பது அடி நடையை நான் மறக்கமாட்டேன். முதலில் பொம்பாவைப் பார்த்தார். பிறகு விமானத்தைப் பார்த்தார், அது பத்திரமாக இருந்தது. பிறகு மேசைமேல் ஒட்டியிருந்த மோர்மிளகாயைப் பார்த்தார். அதில் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. கடைசியாக என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, என்ன இது?"

எல்லாம் முடிந்தது என்று தெரிந்தது. கல்யாணம், ரமணன், நண்டுக் குழம்பு, எல்லாம். ஓவென்று அழுதுவிட்டேன்.

"எனக்கு ஃபைபர் வேலை தெரியாது ஆன்ட்டி. ஒண்ணுமே தெரியாது. பக்கத்துல உக்காந்து போன்தான் பார்ப்பேன். உங்க ஃபோம நான்தான் கெடுத்துட்டேன். அப்புறம் என் கை சரியா உள்ள போச்சு, அதான்…"

"எங்கை போச்சு?"

"அந்தத் துளைக்குள்ள. கார்புரேட்டர் வரைக்கும்."

ஆன்ட்டி நண்டுப் பையை ரமணனிடம் கொடுத்தார். என் அருகே வந்தார். விரல்களைத் தொட்டு அழுத்திப் பார்த்து, "உணர்ச்சி இருக்கோ? நோகுதோ?" என்று கேட்டார். இருக்கிறது, நோகவில்லை என்றேன். பிறகு என் தோளைப் பிடித்து, கையை அப்படியும் இப்படியும் திருப்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மடக்கின் உள்பக்கத்தை விரலால் வருடினார். பொம்பாக்காரர்கள்கூட எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"வடிவா வந்திருக்கு" என்றார் ஆன்ட்டி.

தலைவர் வெட்டும் மெஷினை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து, மேல்கைக்குக் குறுக்கே வைக்கப் போனார். ஆன்ட்டி போட்ட சத்தத்தில் அவர் ஹெல்மெட் நகர்ந்தது.

"ஜாஙான் போத்தோங் சித்து!"

அங்கே வெட்டாதே என்று அர்த்தம். அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஆறு பேரும் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். ஆன்ட்டி உள்ளே போய், பல் செட் தேய்க்கும் குட்டி மெஷினையும் ஒரு மார்க்கர் பேனாவையும் எடுத்து வந்தார். என் தோளிலிருந்து மணிக்கட்டு வரை, உள்பக்கம் ஒரு கோடு, வெளிப்பக்கம் ஒரு கோடு, நூல் பிடித்த மாதிரி வரைந்தார். இரண்டு பாதியாகப் பிளந்தால் இது குழாய் அல்ல, அச்சு. பல் கிளினிக்கில் வாயை அளவெடுத்து வார்ப்பதுபோல், இந்த அச்சுக்குள் நல்ல பிசினால் புதுக் குழாயை வார்த்துக்கொள்ளலாம். குறுக்கே வெட்டினால் எல்லாம் போச்சு. இதை அவர் பொம்பாத் தலைவருக்கு மலாயில் விளக்கிய வேகத்தில் அவரும் தலையாட்டினார். (அவருக்கும் என் வியாதி போலிருக்கிறது.)

பிறகு வெட்டினார். பிளாஸ்டிக் உறைக்கும் ஃபைபருக்கும் நடுவே ஒரு தட்டைக் கரண்டியைச் செருகி, அதன்மேலேயே மெஷினை நகர்த்தினார். தலைவர் டார்ச் பிடித்தார். இன்னொருவர் என் தலைக்குக் குடை பிடித்தார். என் தோலில் ஒரு கீறல் விழவில்லை. நாற்பது நிமிடம். "வாயைத் திற" என்று இரண்டு தடவை பழக்க தோஷத்தில் சொன்னார். நானும் திறந்தேன்.

பாதி விலகியது. என் கை வெளியே வந்தது. வெந்த இறால் நிறத்தில், முடி ஒன்றுகூட இல்லாமல், எண்ணெய் பளபளக்க. சந்தே கைதட்டியது. நான் ஆன்ட்டியின் காலைப் பிடிக்கப் போனேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விமானத்தின் மூக்குக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"ரமணன்! கல்யாணத்தை எப்ப வைக்கலாம் எண்டு இவளின்ட அப்பாட்டக் கேள்!"

அன்றைக்கு மத்தியானம் நண்டுக் குழம்பு. நண்டு உடைக்க இரண்டு கை வேண்டும், எனக்கு ஒன்றில்தான் தெம்பு இருந்தது. ஆன்ட்டியே உடைத்து உடைத்து என் தட்டில் வைத்தார். பொம்பாக்காரர்களுக்கும் ஆளுக்கொரு தட்டு போக இருந்தது, வேறொரு வீட்டில் பாம்பு வந்துவிட்டதால் அவர்கள் ஓட வேண்டியதாயிற்று.

அந்த வாரம் தினமும் வேலை முடிந்ததும் ஜெலுத்தோங் போனேன். ஆன்ட்டி அச்சின் இரண்டு பாதிக்குள்ளும் இழைத் துணியைப் படியவைத்து அலுமாரிப் பிசினைப் பூசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதை மட்டும் செய்தேன். குழாய் வந்தது. பொருந்தியது. ஆபீசர் வந்தார், ஒவ்வொரு ஆணியையும் பார்த்தார், குழாய்க்கு வந்ததும் குனிந்து தடவினார். மடக்கில் ஒரு சின்னப் புடைப்பு.

"இது என்ன, மேடம்?"

"அது என்ர மருமகளின்ட முழங்கை எலும்பு" என்றார் ஆன்ட்டி. ஆபீசர் தமிழர்தான். என் முழங்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு, காற்று போக இடைஞ்சல் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

என்ஜின் முதல் தடவை உறுமியபோது நான் குதித்த குதியில் செருப்பு அறுந்தது. அந்தக் காற்று முழுவதும் என் கை வழியாகத்தான் போகிறது!

கல்யாணம் ஆகி நான்கு வருடம், ஆன்ட்டி எனக்கு இப்போது மாமி. அந்த விமானம் பறக்கிறது. நானும் இரண்டு முறை பறந்திருக்கிறேன். கோலாலம்பூரிலிருந்து மாமியின் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் என் பெயரைக் கேட்பதில்லை, இடது முழங்கையைத்தான் காட்டச் சொல்கிறார்கள். மாமி அதைவிட மோசம். போன சனிக்கிழமை நான் மீட்டிங்கில் இருந்தேன். போன் அடித்தது.

"பிள்ளை, உனக்குத் தடிமனோ?"

"சளியா? இல்லையே மாமி. ஏன்?"

"கை ஏதும் சுளுக்கோ?"

"நல்லாத்தான் இருக்கேன், மாமி!"

"என்ஜின் இருமுது" என்றார். "நீ நல்லா இருக்கிறாய் எண்டால் சரி, அப்ப ஸ்பார்க் பிளக்காத்தான் இருக்கும்." டக்கென்று வைத்துவிட்டார்.